ஜமீலாக்காவின் பூனையும் எங்கள் வீட்டு நாயும்

1

எங்கள் வீட்டு நாய்க்கு ஆண்டுக்கு ஒருமுறை அரசாங்கக் கடிதம் வரும். ஊரிலிருந்து எனக்கு வருகிற கடிதங்களைவிட ஒழுங்காக வரும். சிங்கப்பூரில் அடுக்குமாடி வீட்டில் குடியிருப்பவர்கள் ஒரே ஒரு சின்ன நாய் வளர்க்கலாம். அதற்கு உரிமம் வாங்க வேண்டும், ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். நாயின் பெயர், வயது, நிறம், சொந்தக்காரர் யார் என்று எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்க வேண்டும். இதைப் படித்தால் போத்தனூரில் எங்கள் சந்துக்காரர்கள் சிரிப்பார்கள். அங்கே சந்துக்குள் பத்து நாய் திரிந்தது. சோறு போட ஆள் உண்டு, சொந்தக்காரர் என்று யாரும் கிடையாது.

இந்த ஆண்டுக் கடிதம் போன வாரம் வந்தது. டோபிக்கு ஊசி போட வேண்டிய நாளும் நெருங்கியிருந்ததால் மருத்துவரிடம் தூக்கிப் போனோம். அங்கே போகிற போதெல்லாம் ஒரு படிவம் தருவார்கள். அதில் கடைசிக்கு முந்தின கேள்வி எனக்கு மனப்பாடம். வீட்டில் ஏதாவது மருந்து கொடுத்தீர்களா, பூசினீர்களா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். மூன்று வருடத்துக்கு முன்னால் அந்தக் கட்டத்தில் நான் போட்ட குறியைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். நேரில் சொல்வதைவிட எழுதுவது சுலபமாக இருக்கும் என்று நினைத்து உட்கார்ந்தேன். அப்படி ஒன்றும் சுலபமாக இல்லை.

2

என் அப்பாவும் அம்மாவும் பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புகளில் கூலிக்கு இருந்தவர்கள். எங்கள் குடும்பத்தில் பத்தாவது தேறிய முதல் ஆள் நான். அதற்கு மேல் படிக்கவில்லை. போத்தனூரில் ஒரு லேத் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே கல்யாணம், குழந்தை எல்லாம் ஆகி, பிறகுதான் இங்கே வந்தேன்.

தோப்பில் மாட்டு வைத்தியத்துக்கு யாரும் ஆள் தேடிப் போக மாட்டார்கள். மாட்டுக்கு வயிறு உப்பினால் பெருங்காயம். தீனி எடுக்காவிட்டால் வெற்றிலையில் மிளகும் உப்பும் வைத்து நசுக்கி நாக்கில் தேய்ப்பது. கொம்படியிலோ குளம்பிலோ புண் வந்து புழு வைத்துவிட்டால் தேங்காய் எண்ணெயில் கற்பூரத்தைப் பொடித்துப் போட்டு ஊற்றுவது. புழு நெளிந்து நெளிந்து வெளியே விழும். ஒரு வாரத்தில் புண் காய்ந்துவிடும். நானே என் கையால் ஊற்றிப் பார்த்திருக்கிறேன். அதில் பொய் இல்லை.

எனக்கு மனிதர்களோடு பேச வராது. நாலு பேர் நின்றால் ஓரமாக நடந்து போய்விடுவேன். ஆனால் போத்தனூர்ச் சந்தில் ஒருமுறை பால்காரரின் எருமைக்குப் புழுப்புண் வந்தபோது இந்த எண்ணெயைக் காய்ச்சிக் கொடுத்தேன். அது ஆறிவிட்டது. அதற்குப் பிறகு ஜனங்கள் என்னைத் தேடி வர ஆரம்பித்தார்கள்.

"ஏனுங், நம்மூட்டு ஆடு நேத்திருந்து அசையே போட மாட்டேங்குதுங்க. ஒரு எட்டு வந்து பாருங்க."

"எங்க நாயி காதச் சொறிஞ்சு சொறிஞ்சு ரத்தமே வந்துபோச்சுங்க. அந்த எண்ணெய கொஞ்சம் ஊத்திக் குடுங்க."

பட்டறையில் என்னை யாரும் பேர் சொல்லிக்கூடக் கூப்பிடாத காலம் அது. சந்தில் மட்டும் எனக்கு ஒரு மரியாதை. கூச்சப்படுகிற ஆளுக்குக் கிடைத்த மரியாதை லேசில் விட்டுப் போகாது. அதைக் காப்பாற்றிக்கொள்ள நான் என்ன செய்தேன் என்பதைத்தான் இனிமேல் சொல்ல வேண்டும். முதலில் சிங்கப்பூரில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். காலக் கணக்குப்படி அது பின்னால் வர வேண்டியது. எனக்குப் புரிந்தது இந்த வரிசையில்தான்.

3

டோபியை வாங்கி வந்த புதிதில் முதல்முறையாக மருத்துவரிடம் போனோம். படிவத்தில் 'பெயர்' என்று இருந்த இடத்தில் நான் என் பெயரை எழுதினேன். பெயர் என்று கேட்டால் மனிதன் தன் பெயரைத்தானே எழுதுவான்? கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு சீனப் பெண் வந்து, "நாச்சி... முத்து? நாச்சிமுத்து?" என்று கூப்பிட்டாள். நான் எழுந்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. குனிந்து டோபியின் தலையைத் தடவி, "வா நாச்சிமுத்து, சமத்துப் பிள்ளை" என்று ஆங்கிலத்தில் கொஞ்சினாள். உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். என் மகள் கவிதாவுக்கு அப்போது பதினோரு வயது. அவள் சிரிக்கவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

என் மனைவி சரசு இதை வைத்து ஒரு மாதம் ஓட்டினாள். "நாச்சிமுத்துக்குச் சோறு வெச்சாச்சுங்களா? எந்த நாச்சிமுத்துக்கு?" என்பாள். நானும் சிரித்தேன். ஆனால் அதற்குப் பிறகு அந்த மருத்துவமனைக்குப் போகாமல் இருக்க ஏதாவது ஒரு காரணம் தேடிக்கொண்டே இருந்தேன்.

அதனால்தான் தொண்ணூற்றி ஆறில் டோபியின் காதுக்குப் பின்னால் உண்ணி ஏறிப் புண்ணானபோது, கவிதா "டாக்டர்கிட்ட போலாம்ப்பா" என்று சொல்லச் சொல்ல, நான் தமிழர் கடைகள் இருக்கும் தேக்கா பக்கம் பூசைச் சாமான் கடையில் கற்பூரம் வாங்கி வந்தேன். ஒரு சனிக்கிழமை மத்தியானம். சரசு வேலைக்குப் போயிருந்தாள். தேங்காய் எண்ணெயை லேசாகச் சுடவைத்து ஒரு கைப்பிடி கட்டியை நொறுக்கிப் போட்டேன். மாட்டுக்குப் போடுகிற அளவு எனக்கு ஞாபகம் இருந்தது. நாயின் அளவு என்ன என்று யோசிக்கவில்லை. காதில் ஆரம்பித்து, உடம்பெல்லாம் உண்ணி இருக்குமோ என்று முதுகு, வயிறு, கால் இடுக்கு எல்லாம் பூசினேன். டோபி உடம்பை நக்கிக்கொண்டே இருந்தது. "எண்ணெய் ருசி, நக்கட்டும்" என்றேன்.

சாயங்காலம் ஆவதற்குள் வாயில் எச்சில் ஒழுக ஆரம்பித்தது. எழுந்து நடந்தால் பின்கால் விலகிப் போனது. பிறகு கீழே விழுந்து நான்கு காலும் வெட்டி வெட்டி இழுத்தது. கவிதா கத்தினாள். நான் டோபியைக் குளியலறைக்குத் தூக்கிப் போய் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். எண்ணெயை எடுக்கத்தான் கழுவினேன் என்று பிறகு எல்லாரிடமும் சொன்னேன். இங்கே உண்மையை எழுதுகிறேன். வாசனையை எடுக்கத்தான் கழுவினேன்.

டாக்சியில் போனோம். படிவம் கொடுத்தார்கள். வீட்டில் ஏதாவது மருந்து கொடுத்தீர்களா, பூசினீர்களா? 'இல்லை' என்ற கட்டத்தில் குறி போட்டேன். அவசரத்தில் குறி கட்டத்துக்கு வெளியே போய்விட்டது. அதன் மேல் இன்னொரு முறை அழுத்திப் போட்டேன்.

மருத்துவர் நடுத்தர வயதுச் சீனப் பெண்மணி. டோபியை மேசைமேல் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து வாயாலும் அதையே கேட்டார். எனக்குப் புரிந்தது. "நோ, நோ. நத்திங்" என்றேன். எத்தனை சோப்புப் போட்டுக் கழுவினாலும் அந்த அறை முழுக்கக் கோயில் போல வாசம் அடித்துக்கொண்டிருந்தது.

கவிதா என் பக்கத்தில் நின்றாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மருத்துவரிடம் திரும்பி, "கற்பூரம்" என்றாள். வீட்டில் நாங்கள் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிற பிள்ளை அவள். ஆனால் இந்த ஒன்றுக்கு அவளுக்கு ஆங்கிலத்தில் பேர் தெரியவில்லை. சாமி கும்பிடும்போது தட்டில் வைத்துக் கொளுத்துவார்களே, வெள்ளையாக, சதுரமாக, அது என்று ஆங்கிலத்தில் விளக்கினாள். எண்ணெயில் கலந்து அப்பா பூசினார் என்றாள். அவள் அழவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பது போலத் தெளிவாகச் சொன்னாள்.

மருத்துவர் உள்ளே குரல் கொடுத்தார். ஊசி போட்டார்கள், மூச்சுக்குக் குழாய் வைத்தார்கள். டோபி பிழைத்தது. மறுநாள் அவர் என்னைக் கூப்பிட்டுச் சத்தம் போடாமல் நிதானமாகச் சொன்னார். கற்பூரம் இந்தச் சின்னப் பிராணிகளுக்கு விஷம். தோல் வழியாகவும் இறங்கும், நக்கினால் இன்னும் வேகமாக ஏறும். பூனையாக இருந்தால் இதைவிடக் கொஞ்சமே போதும். பூனை உடம்பு முழுவதையும் நக்கித்தான் சுத்தம் செய்யும். கவிதா ஒவ்வொரு வரியாக எனக்குத் தமிழில் சொன்னாள்.

கடைசியில் மருத்துவர் கேட்டார். "இதற்கு முன்னால் வேறு எந்தப் பிராணிக்காவது இப்படிப் பூசியிருக்கிறீர்களா?"

கவிதா அதைத் தமிழில் சொல்வதற்கு முன்பே தலையை ஆட்டிவிட்டேன். இல்லை என்று. இந்த முறை என்னைத் திருத்த அவளால் முடியாது. அது நடந்தபோது அவள் கைக்குழந்தையைவிடக் கொஞ்சம் பெரியவள், அவ்வளவுதான்.

4

ஜமீலாக்கா எங்கள் போத்தனூர்ச் சந்தில் மூன்றாவது வீடு. காலையில் இடியாப்பம் அவித்து விற்பார். மிச்ச நேரத்தில் தையல். சாம்பல் நிறத்தில் ஒரு பூனை வைத்திருந்தார். அதற்கு நவாப் என்று பெயர். சந்திலேயே பெயர் உள்ள ஒரே பிராணி அதுதான். தையல் மெஷினுக்கு அடியில் துணி வெட்டின மிச்சத்தில் படுத்திருக்கும். அக்கா மிதிக்க மிதிக்க அவர் காலில் முதுகை உரசிக்கொண்டே இருக்கும்.

அக்கா வீட்டுக்கு எதிரே சூசையண்ணன். ரயில்வேயில் கேங்மேன் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மொட்டை மாடியில் மரப்பெட்டி அடித்து இருபது முப்பது புறா வளர்த்தார். காலையில் அவர் விசிலடித்தால் எல்லாம் ஒரே நேரத்தில் எழும்பும். அக்காவின் மகள் பள்ளிக்கூடம் போகும் காலத்தில் அவளைத் தன் மகளோடு சேர்த்து சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய் விட்டு வந்தவர் அவர்தான்.

நவாப் அவருடைய புறாவில் இரண்டைப் பிடித்துவிட்டது. அவர் மாடியிலிருந்து கத்தினார்.

"ஏனுங்க்கா, உங்க நவாப்புக்கு நான் ஒரு நாளைக்கு மருந்து வெச்சுப்போடறேன் பாருங்க!"

"வெச்சுத்தான் பாருங்களேன்! அப்புறம் இடியாப்பத்துக்கு எங்கூட்டு வாசலுக்கு வரக்கூடாது, ஆமா!"

"இடியாப்பத்த மட்டும் உங்க புள்ளைகிட்டக் குடுத்து உடுங்க. நான் வரலீங்க."

சந்து முழுக்கச் சிரித்தது. அவர்களுக்குள் அப்படித்தான் பேச்சு நடக்கும்.

நான் சிங்கப்பூர் கிளம்புவதற்கு நாலைந்து மாதம் இருக்கும்போது நவாப்புக்குக் கழுத்தில் சொறி வந்தது. அக்கா என்னைக் கூப்பிட்டார். "தம்பி, உங்க எண்ணெயக் கொஞ்சம் பூசிப்போடுங்க. சொறிஞ்சு சொறிஞ்சு என் துணியெல்லாம் ரத்தக் கறை." நான் பெருமையாகக் கொண்டுபோய்ப் பூசினேன். புதிதாகக் காய்ச்சின எண்ணெய். கற்பூரம் நிறையப் போட்டிருந்தேன். அக்காவுக்காக.

மறுநாள் விடிந்ததும் அக்கா அழுகிற சத்தம் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தேன். நவாப் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் விறைத்துக் கிடந்தது. வாயோரம் நுரை. சுற்றிலும் நாலைந்து பேர். யாரோ ஒரு பெண் சொன்னாள், "இது எலி மருந்துதானுங்க. நுரையப் பாத்தாலே தெரியுது."

எல்லாருடைய கண்ணும் எதிர் வீட்டு மாடிக்குப் போனது.

தெரியாமல் நடந்தது என்று எழுதி இந்த இடத்தைத் தாண்டிவிடலாம் என்று நினைத்தேன். அது சரியில்லை. பூனையைத் தூக்கித் துணியில் சுற்றியது நான்தான். அதன் வாயிலிருந்து எலி மருந்து வாசம் வரவில்லை. கற்பூர வாசம் வந்தது. நாக்கில் எண்ணெய் பளபளத்தது. எனக்கு முழுதாகத் தெரியாது, ஆனால் சந்தேகம் வந்தது. வந்த சந்தேகத்தைப் பூனையோடு சேர்த்துத் துணியில் சுற்றிவிட்டேன்.

5

அதற்குப் பிறகு ஜமீலாக்கா எதிர் வீட்டைப் பார்க்கவே இல்லை. இடியாப்பம் நின்றுபோனது. அக்கா வாயைத் திறந்து திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. வாசலில் சூசையண்ணனைக் கண்டால் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஒரு வாரம் கழித்துச் சூசையண்ணன் என்னைப் பட்டறை வாசலில் வந்து பார்த்தார். கையில் துண்டைச் சுருட்டி வைத்திருந்தார்.

"தம்பி, அந்தக்கா நீங்க சொன்னாக் கேப்பாங்க. நான் வெக்கலீங்க. வெளையாட்டுக்குச் சொன்னது. என் புள்ள மேல சத்தியமா வெக்கலீங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

"சொல்றேனுங்ணா" என்றேன்.

சொன்னேன். அக்கா மெஷினில் உட்கார்ந்திருந்தார். நான் வாசல்படியில் நின்றுகொண்டு, "போனது போச்சுங்க்கா. அவரும் வருத்தப்படறாரு. மன்னிச்சுப்போடுங்க" என்றேன்.

வைக்காத ஆளை மன்னிக்கச் சொன்னேன். மன்னிக்கச் சொன்னதாலேயே அவர்தான் வைத்தார் என்று அக்காவுக்கு உறுதியாகிவிட்டது. வைத்தவன் பக்கத்தில் நின்று சமாதானம் பேசினான். அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார், அவ்வளவுதான்.

வெளியே வந்து சூசையண்ணனிடம், "அக்கா கோவம் கொஞ்சம் தணிஞ்ச மாதிரி இருக்குதுங்ணா" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பேக்கரிக்குக் கூட்டிப் போய் டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தார். நான் அதைச் சாப்பிட்டேன்.

கோபம் தணியவில்லை. அடுத்த மாதம் அக்கா மகளுக்குக் கல்யாணம். சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனவருக்குப் பத்திரிகை வைக்கவில்லை. எனக்கு வைத்தார்கள். நான் போய்ப் பிரியாணி சாப்பிட்டு வந்தேன். அந்த வாரமே சூசையண்ணன் புறாக்களை எல்லாம் கூடையில் போட்டுப் பொள்ளாச்சிச் சந்தைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். "இதுக இருந்தாத்தானே பேச்சு வருது" என்றாராம். பிறகு காலையில் விசில் சத்தம் கேட்கவில்லை. நான் விமானம் ஏறிவிட்டேன்.

6

டோபி பிழைத்த பிறகு எனக்குச் சந்தேகம் என்று சொல்லிக்கொள்ள எதுவும் மிச்சமில்லை. மறு வருடம் கோடையில் ஊருக்குப் போனேன். கவிதா வரவில்லை, பள்ளியில் ஏதோ முகாம் என்றாள். ஊருக்கு வர அவளுக்கு இப்போதெல்லாம் விருப்பமில்லை. அங்கே எல்லாரும் தன் தமிழைக் கேட்டுச் சிரிக்கிறார்கள் என்பாள்.

போத்தனூரில் ஜமீலாக்கா வீட்டுக்குப் போனேன். கையில் சிங்கப்பூர்த் தைலம் நாலு புட்டி. அதிலும் கற்பூரம்தான் என்பது வாசல்படியில் கால் வைக்கும்போதுதான் உறைத்தது.

"அட, நம்ம சிங்கப்பூர்த் தம்பி! வாங்க வாங்க. ஊதிப்போனீங்க. அங்கெல்லாம் கோழியே திம்பாங்களாமா?"

உட்கார வைத்தார். சூசையண்ணன் வீட்டில் வேறு யாரோ குடியிருந்தார்கள். அவர் மகள் வீட்டோடு உடுமலைப்பேட்டைக்குப் போய்விட்டாராம். அதைச் சொல்லும்போது அக்காவின் குரல் மாறியது. உடனே பேச்சை மாற்றி, கூடைக்குள்ளிருந்து ஒரு குட்டிப் பூனையைத் தூக்கிக் காட்டினார். மஞ்சள் நிறம், உள்ளங்கை அளவு.

"பேரன் கொண்டாந்தான். தலையெல்லாம் பொடுகாட்டச் சொறி. இன்னைக்குத்தான் உங்க எண்ணெயக் காச்சி வெச்சேன். நீங்களே வந்துட்டீங்க, உங்க கையாலயே பூசிப்போடுங்க."

அலமாரியில் இருந்து புட்டியை எடுத்தார். "இந்தச் சந்துல யாரு கேட்டாலும் இதைத்தான் சொல்றேன். சிங்கப்பூர்த் தம்பி எண்ணெய்ன்னே பேரு வெச்சுப்போட்டாங்க."

புட்டியை என் கையில் கொடுத்தார். மூடியைத் திறந்ததும் வாசம் வந்தது. குட்டி அக்காவின் கையை நக்கிக்கொண்டிருந்தது.

பூசாமல் இருக்க ஒரு சாக்குப் போதும். எண்ணெய் சரியாகக் காயவில்லை என்று சொல்லலாம். சும்மா வேப்பிலை அவித்த தண்ணீரில் துடையுங்கள், மாட்டாஸ்பத்திரியில் காட்டுங்கள் என்று சொல்லி எழுந்து வந்திருக்கலாம். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"அக்கா, இதைப் பூசாதீங்க."

"ஏன்?"

"பூனைக்கு இது விசமுங்க."

"நீங்கதானே நவாப்புக்குப் பூசுனீங்க?"

"ஆமாங்க."

அக்கா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் தானாகவே கணக்குப் போட்டு முடிக்கிற வரைக்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வேலையையும் அவருக்கே விட்டேன்.

"அப்ப சூசையண்ணன்?"

"அவரு எதுவும் வெக்கலீங்க."

"நீங்க வந்து மன்னிச்சுப்போடுங்கன்னு சொன்னீங்களே, தம்பி. இந்தப் படியிலதான நின்னீங்க."

"சொன்னேனுங்க."

குட்டியைக் கூடைக்குள் வைத்தார். புட்டியை என் கையிலிருந்து வாங்கிப் பின்புறம் போய்ச் சாக்கடையில் கொட்டிவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். திரும்பி வந்து என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"காலையில ஏழு மணி பஸ்ஸு. பொள்ளாச்சி போயி மாறோணும். நீங்க வாங்க. நானும் வாரேன்."

7

பஸ்ஸில் அக்கா முன்னால் பெண்கள் பக்கம் உட்கார்ந்தார். நான் பின்னால். பொள்ளாச்சியில் இறங்கி உடுமலை பஸ்ஸுக்கு நிற்கும்போது, "தண்ணி வேணுங்களாக்கா?" என்று கேட்டேன். "வேண்டாம்" என்றார். அன்றைக்கு அவர் என்னோடு பேசியது அதுதான்.

சூசையண்ணன் மகள் வீடு தேங்காய்க் கிடங்குக்குப் பக்கத்தில். வாசலில் அவரே இருந்தார். இளைத்திருந்தார். அக்காவைக் கண்டதும் எழுந்து நின்றார். "ஏ அம்மணி, யாரு வந்திருக்காங்க பாரு! டீ வெய்யி, டீ வெய்யி" என்று உள்ளே பார்த்துக் கத்தினார். நாற்காலியைத் துண்டால் தட்டிப் போட்டார்.

சுவரோரம் பழைய மரப்பெட்டி ஒன்று நின்றது. புறாப் பெட்டிதான். போத்தனூரிலிருந்து அதைக் கூடவே கொண்டுவந்திருக்கிறார். சின்னச் சின்ன அறைகளுக்குள் அடுப்பெரிக்கத் தேங்காய்த் தொட்டி, காய்ந்த ஓடு, அடுக்கியிருந்தது.

மருமகன் உள்ளிருந்து வந்தார். சூசையண்ணன் என் தோளில் கை வைத்து அவரிடம் சொன்னார். "மாப்பிள, நான் சொல்லுவனல்லோ, இந்தத் தம்பிதான். அன்னைக்கு ஊரே எம்மேல பழி போட்டப்ப எனக்காக அக்காகிட்டப் பேசுன ஒரே ஆளு. சிங்கப்பூர்ல இருக்காரு. நல்ல மனுசன்."

அக்கா என்னைப் பார்த்தார். சொல் என்று அவர் சொல்லவில்லை. பார்த்தார், அவ்வளவுதான்.

நான் சொன்னேன். எண்ணெய், நுரை, வாயில் வந்த வாசம், அவருக்காக நான் பேசின பேச்சு, எல்லாம். தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். டீ வந்தது, யாரும் எடுக்கவில்லை.

தோளில் இருந்த கை எப்போது போனது என்று தெரியவில்லை. நிமிர்ந்தபோது அவர் தள்ளி நின்றிருந்தார்.

"நான் வெக்கலைன்னு எனக்குத் தெரியுமுங்களே தம்பி" என்றார் மெதுவாக. "அது எனக்குப் புதுசில்லீங்க. நீங்கன்னுதான் தெரியாது."

டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டே, "உங்களுக்கு டீ வாங்கிக் குடுத்தனுங்களே, அன்னைக்கு" என்றார். "நீங்க பன்னு வேண்டாம்னீங்க. நாந்தான் வற்புறுத்தித் திங்க வெச்சேன்."

எங்கள் ஊர்ப் பேச்சில் கோபத்திலும் 'ங்க' விட்டுப் போகாது. வேறு ஊராக இருந்தால் சட்டையைப் பிடித்திருப்பார்கள். இங்கே அந்த மரியாதையை வாங்கிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது.

அக்காதான் அழுதார். "என் புள்ள கல்யாணத்துக்கு உங்கள..." என்று ஆரம்பித்து முடிக்க முடியாமல் துப்பட்டியால் வாயை மூடிக்கொண்டார்.

"அட, உடுங்கக்கா. டீ ஆறுதுங்க. குடிங்க" என்றார் சூசையண்ணன். டம்ளரை எடுத்து அவர் கையில் கொடுத்தார். "புள்ள எப்படி இருக்குது? எத்தனை குழந்தைங்க?"

அவர்கள் இரண்டு பேரும் பேச ஆரம்பித்தார்கள். பன்னிரண்டு வருடப் பேச்சு. நான் டீயைக் குடிக்கவா வேண்டாமா என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கிளம்பும்போது அவர் பஸ் நிறுத்தம் வரைக்கும் வந்தார். அக்காவுக்காக வந்தார். பஸ் ஏறும்போது, "அடிக்கடி வாங்கக்கா" என்றார். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "நீங்களும் பத்திரமாப் போங்க" என்றார்.

8

போன வாரம் மருத்துவமனைக்குக் கவிதாவும் வந்தாள். பதினாறு வயதாகிறது. டோபியை அவள்தான் தூக்கிக்கொண்டாள், காதில் பாட்டுக் கேட்கிற ஒயரை மாட்டியபடி. அதே மருத்துவர், அதே படிவம். வீட்டில் ஏதாவது மருந்து பூசினீர்களா? 'இல்லை' என்று குறி போட்டேன். இந்த முறை அது உண்மை. கவிதா என் தோளுக்கு மேல் எட்டி அதைப் பார்த்தாள். மூன்று வருடமாக ஒவ்வொரு முறையும் அப்படித்தான் எட்டிப் பார்க்கிறாள்.

ஊசி போட்டு முடிந்ததும் நான் கிளம்பவில்லை. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் மருத்துவரிடம் சொன்னேன். "டாக்டர், மூன்று வருடம் முன்னால் நீங்கள் கேட்டீர்கள். வேறு பிராணிக்குப் பூசினாயா என்று. நான் இல்லை என்றேன். பொய். ஒரு பூனை. போத்தனூர். செத்துப்போனது."

அவருக்குப் போத்தனூர் எங்கே என்று தெரியாது. எதற்கு இப்போது சொல்கிறேன் என்றும் புரிந்திருக்காது. கொஞ்சம் யோசித்துவிட்டு, "சொன்னதற்கு நன்றி" என்றார். அடுத்தவர் காத்திருந்தார்.

வெளியே வந்ததும் கவிதா காதிலிருந்து ஒயரை எடுத்தாள். "யாரோட பூனைப்பா?"

வீடு வரைக்கும் நடந்தே சொன்னேன். ஜமீலாக்கா, நவாப், மாடிப் புறா, மன்னிக்கச் சொன்னது, உடுமலைப்பேட்டை, தேங்காய்த் தொட்டி அடுக்கியிருந்த பெட்டி, ஆறிப்போன டீ. அவளுக்குப் புரியாத சொல் வந்தால் நின்று கேட்டாள். ஒன்றையும் விடவில்லை. வழியில் டோபி ஒவ்வொரு விளக்குக் கம்பமாக முகர்ந்துகொண்டு வந்தது.

மின்தூக்கிக்குக் காத்து நின்றோம். திட்டுவாள் என்று நினைத்தேன், அல்லது பரவாயில்லைப்பா என்பாள். இரண்டும் இல்லை.

"அப்ப அந்தத் தாத்தாவுக்கு நீங்க புறா வாங்கிக் குடுத்தீங்களா?" என்று தமிழில் கேட்டாள்.

"இல்லை கண்ணு" என்றேன்.

"ஏன்?"

மின்தூக்கி வந்தது. கதவு திறந்தது. அவளும் டோபியும் உள்ளே போய், எனக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.